வில்லுக்கு வைத்த சந்தனம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் தணிகைவேலுக்கு வில்வித்தைப் பைத்தியம் புதிதாகப் பிடித்தது. மூங்கில் வில் வாங்கிய அன்றே அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டு, கோவில்பதாகை மைதானத்தில் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அம்பில்லாமல் விட்டால் அந்த வேகமெல்லாம் வில்லுக்குள்ளேயே இறங்கி அதைப் பிளந்துவிடும். அதன் பிறகு வில்லைப் பச்சைக் குழந்தை மாதிரிதான் தூக்கினான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கூட்டாளி லோகு, "குடு மாமே, நானே பொட்டு வெச்சி எட்தாரேன்" என்று வாங்கிப் போனான். பட்டறையில் படைத்தபோது வில்லின் மேல்பாதியில் சந்தனம் கனமாக அப்பியிருந்தது. தணிகைவேலுக்கு நெஞ்சு நிறைந்தது.

விஜயதசமியன்று மைதானத்தில் வில்லைத் துடைத்து, நாணேற்றி, அம்பு தொடுத்து இழுத்தான். சந்தனம் அப்பியிருந்த இடத்திலேயே வில் ஒடிந்தது.

"அம்பில்லாம வுட்டுப் பாத்தியே, அன்னிக்கே போயிருக்கும்" என்றான் லோகு. எல்லோரும் சிரித்தார்கள். தணிகைவேலும் அசடு வழியச் சிரித்தபடி துண்டுகளைப் பொறுக்கினான்.

ஒடிந்த முனையில், மூங்கில் நாருக்குள்ளே, மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான். ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்தில்தான் சந்தனம் அவ்வளவு ஆழம் இறங்கும். அவன் கொடுத்தனுப்பியபோது வில்லில் கீறல்கூட இல்லை.

"பொட்டு நல்லா உள்ள வரிக்கும் வெச்சிகீற மாமே" என்றான் தணிகைவேல்.

லோகு சிரிப்பை நிறுத்தினான்.