இரண்டு மணி வெடி

பேருந்து கண்ணில் பட்டதுமே அங்கமுத்து நடுரோட்டுக்கு வந்துவிடுவார். சிவப்புக் கொடியை அவர் ஆட்டுவதில்லை. துணி காயப்போடுகிறவரைப் போல இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். வண்டி நின்றதும் ஓட்டுநர் பக்கம் வந்து, வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களை உட்காரச் சொல்வதுபோல, "பத்தே நிமிஷங்க. எறங்கி ஒரு காத்து வாங்குங்க" என்பார்.

அரியலூர் போகும் அந்தச் சாலையை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். ஊரில் அதற்கு 'மைன்ஸ்' என்று பெயர். தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பாறையில் வெடி வைப்பார்கள். அந்த நேரத்தில் சாலையை மறிப்பது பதினாறு வருடமாக அங்கமுத்துவின் வேலை. பரீட்சைக்குப் போனவன், பெண் பார்க்கப் போன கூட்டம், மாலையும் கையுமாகத் துக்கத்துக்குப் போனவர்கள் என்று அவரிடம் கெஞ்சாதவர்கள் இல்லை, திட்டாதவர்களும் இல்லை. எல்லோருக்கும் அவரிடம் இருப்பது ஒரே பதில்: "கல்லு பறந்து வந்தா யாரு வூட்டுப் புள்ளன்னு பாக்காதுங்க."

மறிப்பதைவிடப் பெரிய வேலை எண்ணுவது. ஒரு குழிக்கு ஒரு வெடி. எத்தனை சத்தம் கேட்டது என்று மூன்று பக்கமும் நிற்கிற கொடிக்காரர்கள் வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். கணக்கு ஒத்துப்போனால் சைரன் ஊதிப் பாதை திறக்கும். ஒருவர் தடுமாறினாலும், வெடிக்காத குழி உள்ளே கிடக்கலாம் என்று இன்னொரு அரைமணி நேரம் யாரும் நகரக்கூடாது. அதனால் முதல் சத்தம் விழுந்ததும் அங்கமுத்துவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறத் தொடங்கும். அப்போது யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. தீபாவளிக்கும் இதே பழக்கம்தான். பக்கத்து வீட்டுச் சரவெடி ஓய்ந்ததும், "நூறுன்னு போட்டு ஏமாத்திட்டான், எம்பத்தாறுதான்" என்பார், கையில் பாதி அதிரசத்தோடு.

தினம் நிற்பவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. இன்றைக்கு எத்தனை வெடி என்று கொய்யாப்பழம் விற்கும் பாப்பாயியும் கண்டக்டர் பிரேம்குமாரும் முன்கூட்டியே ஆளுக்கொரு எண் சொல்வார்கள். கண்டக்டர் தோற்றால் டவுனில் கூடையை அவர் இறக்கி வைக்க வேண்டும். பாப்பாயி தோற்றால் இரண்டு பழம்.

இரண்டாயிரத்து ஒன்று, ஆகஸ்ட் மாதம். அங்கமுத்துவின் மகள் வெற்றிச்செல்விக்குச் சென்னையில் கால்நடை டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மறுநாள் காலைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். அந்த வீட்டில் யாரும் சென்னையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்த ஒரே ஆளான தாய்மாமன் திருச்சியில் ரயிலேறி, இவளுக்கும் டிக்கெட்டோடு வந்துகொண்டிருந்தார். அரியலூரில் அந்த ரயில் மூன்று மணிக்கு. பேருந்தில் ஸ்டேஷனுக்கு நாற்பது நிமிடம். லீவு கிடைக்காத அங்கமுத்து, பொழுது விடியுமுன்பே மகள் எழுவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மனைவி ராசாத்தியிடம் மட்டும் ஒரு மணி பஸ்ஸுக்கே ஏறிவிடும்படி நாலு தடவை சொல்லியிருந்தார்.

இரண்டு மணிக்கு அவர் விரித்துப் பிடித்த கொடிக்கு முன்னால் வந்து நின்ற பேருந்தில், ஜன்னலோரம் வெற்றிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ராசாத்தி, மடியில் தகரப்பெட்டி.

"ஒரு மணி பஸ்ஸுக்கு என்ன கேடு வந்துச்சி?"

"அதுல போயிருந்தா நீ மறிச்சிருக்க மாட்டல்லப்பா."

பத்து நிமிடம் நின்றாலும் ரயிலுக்குப் பத்து நிமிடம் மிச்சம் என்று அவள் கணக்குப் போட்டு வந்திருந்தாள். அங்கமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குப் பூட்டுப் போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டார். காலையில் தூங்குகிற பெண்ணை எழுப்பிச் சொல்லிவிட்டு வந்தால் என்ன குறைந்துபோகும் என்று ராசாத்தி இடித்தாள்.

"வுடும்மா. பேச்சு வராதவங்களுக்குத்தான் நான் வைத்தியம் படிக்கப் போறேன். மொத ஊசி அப்பாவுக்குத்தான்."

அங்கமுத்து சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அந்தப் பேருந்தில் யாரும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பாறை வெடித்தது. வரிசையாக வெடித்து, ஓய்ந்தும்விட்டது.

வாக்கிடாக்கி கரகரத்தது. உள்ளேயிருந்து வெடி போடும் அரியமுத்து கேட்டார். "ரோட்டுப் பக்கம் எத்தனை?"

அங்கமுத்து கையைப் பார்த்தார். கட்டைவிரல் எந்தக் கணுவிலும் இல்லை. அது ஜன்னல் கம்பியில் இருந்தது.

"ஒம்போதுப்பா" என்றாள் வெற்றிச்செல்வி. அவள் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. அரைமணி நின்றால் ரயில் போய்விடும்.

"நீ ரயிலுக்குப் போற ஆளு. ஒங்கணக்கு செல்லாது."

பேருந்தே ஒன்பது என்றது. ராசாத்தி கடவுள்மேல் சத்தியம் செய்தாள். அவர்கள் எல்லோருக்குமே போயாக வேண்டும் என்பதால் அங்கமுத்து அசையவில்லை. வாக்கிடாக்கி இரண்டாம் முறை கேட்டது. நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, விறுவிறுவென்று பின்பக்க ஜன்னலுக்குப் போனார்.

"பாப்பாயி, இன்னிக்கி நீ எத்தனை சொல்லியிருந்த?"

"எட்டு."

"வெடிச்சது?"

பாப்பாயி முகத்தைச் சுளித்தாள். கூடைச் சாக்கை விலக்கி இரண்டு பழங்களைத் தேடி எடுத்தாள். தேடியதில் சின்னதாகத்தான் இரண்டு அகப்பட்டன.

"ஒம்போதுதான். இந்தக் கண்டக்டரு எங்கொல்லையையே தின்னு தீத்துருவாரு போலருக்கு."

தோற்றவள் வாயால் வந்த பிறகு அங்கமுத்துவுக்குச் சந்தேகமில்லை. பொத்தானை அழுத்தி, "ரோட்டுப் பக்கம் ஒம்போது" என்றார். மற்ற இரண்டு பக்கத்துக் கொடிக்காரர்களும் அதையே சொன்னார்கள். சைரன் ஊதியது. "ஒரு நிமிஷம் முன்னாடியே கொண்டுபோயி வுட்டுர்றேண்ணே" என்று ஓட்டுநர் கியரைத் தள்ளினார். ஜன்னலிலிருந்து வெற்றிச்செல்வியின் கை நீண்டு, அதற்குள் அங்கே திரும்பி வந்திருந்த அங்கமுத்துவின் சட்டைப்பையின் பிதுங்கிய மூடியை உள்ளே தள்ளிவிட்டுப் போனது.

பின்னால் நின்றிருந்த கல்லு லாரிகள் இரண்டும் உறுமிக்கொண்டு முன்னே நகர்ந்தன. குறுகலான சாலை அது. விட்டால் பேருந்தின் வாலைப் பிடித்தபடியே ஹாரன் அடித்துக்கொண்டு போவார்கள். கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்ட அங்கமுத்து மறுபடியும் நடுரோட்டுக்கு வந்தார்.

"அதான் சைரன் ஊதிருச்சேண்ணே, இன்னும் என்னா?" என்று முதல் லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

அங்கமுத்து திரும்பவில்லை. பேருந்து போன திசையைப் பார்த்தபடியே, வெறுங்கையைப் பின்னால் நீட்டி இரண்டு லாரிகளையும் நிறுத்திவைத்திருந்தார், அது வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும்.