தொண்ணூறு நாள் அலமாரி

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவே உள்ள அறையில் அவர் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைக் கண்டக்டர்கள் அங்கே கொண்டுவந்து போடுவார்கள். அவர் பதிவேட்டில் எழுதி, சீட்டுக் கட்டி, அலமாரியில் வைப்பார். தேடி வருபவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். தொண்ணூறு நாளில் யாரும் வராவிட்டால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். குடைகள்தான் அதிகம். ஒரு முறை பல்செட் ஒன்று வந்து தொண்ணூறு நாளும் கிடந்தது. அந்த ஆளுக்கு வாய்திறந்து கேட்க வழியில்லை போலிருக்கிறது என்று கண்டக்டர்கள் சிரித்தார்கள்.

இப்படி ஓர் அறையை வைத்து ஒரு நாவல் வெளிவந்ததே அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி வாசலில் நின்று, அறையைச் சுற்றிப் பார்த்துக் கண்கலங்கினாள்.

"என்னம்மா தொலைச்சீங்க?"

"ஒண்ணும் தொலைக்கல சார். சும்மா பாக்கத்தான் வந்தேன்."

அடுத்த வாரம் நான்கு பேர் வந்தார்கள். பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. நாவலிலும் இதே போல ஓர் அறை, ஓர் எழுத்தர். ஆனால் அவர் எதையும் கழித்துக் கட்டுவதில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒற்றைக் கையுறையைக்கூடத் துடைத்து வைத்திருந்து, உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார். படித்தவர்கள் உருகிப்போனார்கள். நம் நிலையத்திலும் அப்படி ஓர் அறை உண்டு என்று யாரோ எழுதிப் போட, கூட்டம் இங்கே திரும்பிவிட்டது.

ஒருவர் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

"நான் எழுத்தருங்க. இதை எழுதினவர் எழுத்தாளர்."

"ஒரு எழுத்துதானே சார் கூட! போடுங்க."

வீட்டில் மனைவியும் அதைப் படித்து மூக்கை உறிஞ்சினாள். "ஏங்க, நீங்களும் இந்த மாதிரி நாலு பேருக்கு நல்லது பண்ணக் கூடாதா?"

"அந்த ஆளுக்கு மூட்டுவலி இருக்கா, கதையில?"

"இல்லையே."

"அப்ப அவர் பண்ணுவார்."

முதலில் ஒவ்வொரு கடிதத்துக்கும் தன் கையாலேயே பதில் எழுதினார். பதினேழு வருடத்துக்கு முன் போன பேனா, கல்யாணத்துக்கு முன் தொலைந்த சால்வை. எல்லாவற்றுக்கும் இல்லை என்ற ஒரே பதில்தான். எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனது. மேலாளருக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். "வர்றவங்க மனசு நோகாம அனுப்பி வைங்க" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பணி உடுப்போடு ஒரு நர்ஸ் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் அந்த நாவல்.

"எட்டு வருஷம் ஆச்சு சார். அம்மா இறந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரியில அவங்க சாமானைத் துணிப்பையில போட்டுக் குடுத்தாங்க. வாட்ச், கண்ணாடி, ஒரு சின்ன நோட்டு. பஸ்ல விட்டுட்டேன். அம்மாவுக்குப் பேச்சு போயிடுச்சு சார். கடைசி ரெண்டு மாசம் எல்லாத்தையும் அந்த நோட்டுலதான் எழுதிக் காட்டுவாங்க."

"அப்பவே வந்து கேக்கலையாம்மா?"

"யாரு திருப்பிக் குடுக்கப் போறாங்கன்னு இருந்துட்டேன்."

அவர் தேதியைக் கேட்டுக்கொண்டு, மேல்தட்டிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கினார். அவள் சொன்ன தேதியிலேயே இருந்தது, அவருடைய கையெழுத்தில்: துணிப்பை ஒன்று, கடிகாரம், மூக்குக்கண்ணாடி, நோட்டு, முகவரி இல்லை. மேலே சிவப்புக் கோடு. லாரியில் போய்விட்டது.

இங்கேதான் இருந்தது, நீ வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் பதிவேட்டை மூடினார்.

"வரலம்மா."

"தெரியும் சார்." அவள் எழுந்தாள். "பக்கத்துல உக்காந்திருந்தவன்தான் எடுத்திருப்பான். பையையே பாத்துட்டிருந்தான். எட்டு வருஷமா அவனைத் திட்டாத நாள் இல்ல. போன மாசம் அவன் மாதிரியே ஒரு ஆளு வார்டுக்கு வந்தாரு. ஊசி போடவே கை வரல எனக்கு. இன்னொருத்தியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன்."

அவர் மூடிய பதிவேட்டை மறுபடி தன் பக்கம் இழுத்தார்.

"உக்காரும்மா. நான் பொய் சொல்லிட்டேன்."

பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். அவள் விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. ஒப்படைத்தவர்: பக்கத்து இருக்கைப் பயணி, கண்டக்டர் மூலம்.

"அவரா குடுத்தாரு?"

"அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"தொண்ணூறு நாளும் இங்கயா இருந்துச்சு?"

"அந்த ரெண்டாவது தட்டுல."

அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு ஹெல்மெட்டும் ஒரு குழந்தைச் செருப்பும் இருந்தன.

"நோட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா சார்?"

முகவரிக்காக அவர் அதைப் புரட்டித்தான் இருப்பார். நாவலில் வரும் அந்த எழுத்தராக இருந்தால் ஒரு வரியாவது சொல்லியிருப்பார்.

"நிஜமா ஞாபகம் இல்லம்மா. ஆயிரம் பொருள் வருது."

அவள் அழுதாள். அவர் மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டிவைத்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பதிவை அப்படியே எழுதித் தரச் சொன்னாள். அவர் நிதானமாக எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அவள் நான்காக மடித்து நாவலுக்குள் வைத்துக்கொண்டு மதிய ஷிப்டுக்கு ஓடினாள்.

மறுநாள் அவர் மேலாளரிடம் ஒரு அறிவிப்புப் பலகை கேட்டார். வர்றவங்களை முறைக்கிற மாதிரி இருக்கும் என்று மேலாளர் மறுத்துவிட்டார். அவரே ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டினார்: "தொலைத்த அன்றே வாருங்கள். திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தொண்ணூறு நாள்தான் வைத்திருப்போம்."

நாவல் வாசகர்கள் அந்த அட்டையையும் ரசித்துப் படம் எடுத்துப் போட்டார்கள். இரண்டு மாதத்தில் அவர்கள் வருவது குறைந்தது. ஆனால் அட்டையைப் பார்த்து வந்தவர்களும் உண்டு. அந்த மாதம் பதினான்கு குடைகள் வீடு போய்ச் சேர்ந்தன. கடிதங்கள் குவிந்த நாளில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பம் இன்னும் மேலாளரின் மேசையில் கிடக்கிறது.