அனூஷின் கொடியில் மூன்றாவது பட்டை

இல்லை, கடையில் விற்கும் செம்மஞ்சள் சரிவராது. தொலைபேசியில் கரேனிடம் நான் முதலில் சொன்னது அதுதான். தன் மனைவி அனூஷ் இறந்துவிட்டார் என்று அவர் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தையல் இயந்திரத்தில் பாதிக் கொடி கிடக்கிறது, வெள்ளிக்கிழமை சவப்பெட்டியின்மேல் அதைப் போர்த்த வேண்டும், மிச்சத்துக்கு எங்கே துணி வாங்குவது என்று கேட்டார். நான் ஆறுதல் சொல்லவில்லை. நிறத்தைப் பற்றிப் பேசினேன்.

சூரிச்சில், ஓர்லிகோனில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருந்த ஆர்மீனியப் பெண்மணியை உங்களில் பலர் அறிவீர்கள். சட்டைக் கையை இறுக்கிக் கொடுத்தவர். நீங்கள் ‘அனுஷா அக்கா’ ஆக்கிவிட்டவர். அவருக்கு வாய்த்த தமிழ் ஒரே ஒரு வாக்கியம்: “நாளைக்கு வாங்கோ.” பல்கலைக்கழகக் காலத்தில் சனிக்கிழமைகளில் அங்கே வேலை செய்தேன். பிறகு வேலை இல்லாத நாட்களிலும் சும்மா போனேன். நாங்கள் ஜெர்மன் மொழியில் கதைத்தோம். நினைவில் மட்டும் அவர் நம்மைப் போலவே கதைக்கிறார்.

வசந்தத்தில் ஆர்மீனியர்கள் கூடும் மண்டபத்தில் ஒரு கொடி இருந்தது. வெயிலில் வெளுத்துப்போன கொடி. புதிதாக ஒன்று தைத்துத் தருவதாக அனூஷ் சொன்னார். மேலே சிவப்பு, நடுவில் நீலம். இரண்டையும் ஒரே பின்னேரத்தில் இணைத்துவிட்டார். கீழே வரவேண்டிய செம்மஞ்சளுக்கு மூன்று ஆண்டுகள் தேடினார்.

அந்த நாட்களில் ஒரு வகுப்புக்காக நாட்டுச் சின்னங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை அவருக்கே ஒப்பித்தேன். சிவப்பு: மலைநாடு, பிழைத்திருக்கும் போராட்டம், கிறிஸ்தவ நம்பிக்கை. நீலம்: அமைதியான வானத்தின் கீழ் வாழும் விருப்பம். செம்மஞ்சள்: மக்களின் படைப்பாற்றல், உழைப்பு.

“சட்டத்தில அப்பிடித்தான் கிடக்கு,” என்றார், வாயில் குண்டூசிகளோடு. “எனக்குச் சிவப்பு எங்கட தெருக் கல்லு. நீலம் அப்பா ஓட்டின பஸ்.”

“செம்மஞ்சள்?”

“அது அப்ரிகோட் பழம். கல்லில, பஸ்ஸில கொஞ்சம் பிழைவிடலாம். பழத்தில ஏலாது. ஆரெண்டாலும் பார்த்த உடன கண்டுபிடிப்பினம்.”

ஆடி மாதத்தில் வாலிஸ் மாநிலத்து அப்ரிகோட் கடைகளுக்கு வரும். ஒன்றை யன்னலோரம் வைத்து, பக்கத்தில் துணியைப் பிடித்துப் பார்ப்பார். பழத்தின் வெயில் பட்ட கன்னம்தான் அளவு. ஒருமுறை நானே ஓடிப்போய், நம்மவர் புடவைக் கடையில் இரண்டு மீற்றர் வாங்கி வந்தேன். பெருமையாக விரித்தேன். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

“என்னைச் சாமியாராக்கப் போறியோ?”

அப்போதுதான் பார்த்தேன். அசல் காவி.

இஸ்திரி மேசைக்கு மேலே ஒரு மலைப் படம் தொங்கியது. இரண்டு சிகரங்கள், பனி. அரராத். அவர்களின் அரசுச் சின்னத்தில், கேடயத்தின் நடுவில், உச்சியில் பெருவெள்ளத்தில் தப்பிய பேழையோடு நிற்கும் மலை. ஒருநாள் சோலோதுர்னில் இருந்து வந்த ஒரு அன்ரி கேட்டார்: “இது எந்த மலை, இங்க துன் ஏரிப் பக்கமோ?” நான் மொழிபெயர்த்தேன். அனூஷ் ஊசியில் நூல் கோத்தபடி சொன்ன பதிலையும் மொழிபெயர்த்தேன்: “எங்கட மலை. எங்கட வீட்டு மாடியில நிண்டா தெரியும். ஆனா எல்லைக்கு அங்கால, வேற நாட்டில நிக்குது.”

அன்ரி படத்தை இன்னொருமுறை பார்த்தார். பிறகு, “ஓம். விளங்குது,” என்றார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அதே சின்னத்தில் கேடயத்தைக் கழுகும் சிங்கமும் தாங்கி நிற்கும். என்னை அழைத்துப்போக வந்த அப்பா கடை நாட்காட்டியில் அதைக் கண்டு முகம் சுளித்தார்.

“உங்களுக்குமோ சிங்கம்?”

“ஏன், கடிச்சதோ?”

“ஓம், கொஞ்சம்.”

“சூரிச்சின்ர கேடயத்தையும் ரெண்டு தாங்கி நிக்குது, அண்ணை. அதுக்குக் கீழ நிம்மதியாத்தானே நித்திரை கொள்ளுறியள்?”

அப்பா சிரித்தார். அந்தக் கடைக்குள் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

எழுதத் தயங்கும் ஒன்று இருக்கிறது. போன ஆண்டு அம்மாவின் பழைய பட்டுச் சேலை ஒன்றைக் கரை தைக்கக் கொண்டுபோனேன். அனூஷ் அதை யன்னலுக்குக் கொண்டுபோனார். பழம் இல்லாத காலம். வெறும் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இதுதான்,” என்றார். “அம்மாட்டைக் கேளன், தருவாவோ எண்டு.”

பகிடி என்று நினைத்தேன். அல்லது நினைக்க விரும்பினேன். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு சேலைகளில் அது ஒன்று. கேட்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. கரையை அடித்து, மடித்து, “நாளைக்கு வாங்கோ,” என்று சொல்லாமல் அன்றே கொடுத்தனுப்பினார்.

கரேனின் அழைப்புக்குப் பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அலுமாரியைத் திறந்தார். சேலையை மேசையில் விரித்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

“எவ்வளவு நீளம் வேணும், பிள்ளை?”

பிறகு, கத்தரிக்கோலை எடுத்துத் தந்தபடி: “அப்பவே கேட்டிருக்கலாமே.”

அனூஷிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதிகமில்லை. துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம். தெருக் கல், பஸ், பழம் என்ற மூன்று சொற்கள். கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

வியாழக்கிழமை கரேன் கடையைத் திறந்துவிட்டார். அனூஷின் இயந்திரத்தில் நீலத்துக்குக் கீழே அந்தப் பட்டை வைத்துத் தைத்தேன். இரண்டு இடத்தில் தையல் கோணியது. பிரித்து மறுபடி தைத்தேன். கொடியை மடித்துக் கரேனிடம் கொடுத்துவிட்டு, ஆறு மணி ரயிலில் வீட்டுக்கு வந்தேன்.