மாமாவின் பெயர் வைத்த மகன்

என் மகனுக்கு முருகன் என்று பெயர் வைத்தோம். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அதற்கு அப்பீல் கிடையாது. முருகு என்றால் இளமை, அழகு, மணம். அதிலிருந்து வந்த பெயர்தான் முருகன். என் மாமனாருக்கு முன்பல் இரண்டும் இல்லை. மணம் என்றால் பீடி மணம்தான். ஆனாலும் தங்கமான மனுசன். பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வம்பே அதைச் சொல்வதில்தான். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மாமியாரும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். கோயிலில்கூட "வேலா, வேலா" என்றுதான் கும்பிடுவார். என் வீட்டுக்காரர் அப்பா பெயரைச் சொல்லக் கூசி, மகனை "டேய்" என்பார். மாமாவுக்கோ தன் பெயரைத் தானே கூப்பிட வெட்கம். ஆக வீட்டில் அவன் தம்பி, தங்கம், ராசா. கோபம் வந்தால் எருமை. நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் மாமாவின் தங்கச்சி. அங்கேயும் தம்பிதான்.

இதெல்லாம் மூடப்பழக்கம் என்று ஊருக்கே வாய் கிழியப் பேசுகிறவள் நான்.

இந்த வருடம் ராகலைப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு நேர்முகம். அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நிறம், பழம், பசுவுக்கு எத்தனை கால் எல்லாம் சொல்லிக் கொடுத்து, மாமாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"உங்க பேர் என்ன மகன்?" என்று கேட்டார் அதிபர்.

"தாத்தா பேரு முருகன், சேர். எனக்கு இன்னும் பேரு வைக்கல."

அதிபர் பேனாவை மூடினார். "சொந்தப் பேரே தெரியாத பிள்ளைய எப்படிங்க எடுக்கிறது? எங்க, நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க. திரும்புறானான்னு பார்ப்போம்."

வாயைத் திறந்தேன். வரவில்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையாவையே எதிர்த்துப் பேசிய வாய் இது. பிள்ளையின் இடம் என்னால் போகப்போகிறதே என்று அழுகை முட்டியது.

கதவோரம் நின்ற மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "கூப்பிடு தாயி, நான் கேக்கல" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

"முருகா!" என்றேன். பயத்தில் சத்தம் கூடிவிட்டது.

மகன் ஓடிப்போய் மாமாவின் கையை இழுத்தான். "தாத்தா, அம்மா உங்களக் கூப்பிடுறாங்க!"

மாமா குனிந்தார். "அது நீதான்டா, முருகா" என்றார், வெட்கத்தோடு.

அவன் அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்தான்.

"சேர், பேரு வச்சிட்டாங்க! எழுதிக்கோங்க."

அதிபர் சிரித்துக்கொண்டே எழுதினார்.