பெட்டக அறைக்கு மேலே ஒரு படுக்கையறை

தெருவில் எல்லோருக்கும் அவள் பேங்க் அண்ணி. செய்தது என்னவோ தையல் வேலைதான். மாமனார் வாங்கிப்போட்ட அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் வங்கியாக இருந்தது. கீழே உயரமான கூடம். காசாளர்கள் உட்கார்ந்திருந்த நீளமான தேக்கு மேசையில் அவள் துணி வெட்டினாள். பின்னால் ஜன்னலே இல்லாத பெட்டக அறை. அதற்கு ஒரே ஒரு இரும்புக் கதவு. மாடியில் மேனேஜர் குடியிருந்த வீடு. பணத்தின் மேலேயே அவர் தூங்க வேண்டும் என்று, பெட்டக அறைக்கு நேர் மேலே படுக்கையறை கட்டியிருந்தார்கள்.

சண்டை அந்தப் படுக்கையறைக்காகத்தான். மாமனார் போன பிறகு அண்ணியும் கணவனும் அதை எடுத்துக்கொண்டார்கள். நாத்தனாருக்கு வாய்த்தது சமையலறையை ஒட்டிய இருட்டு அறை. அன்றோடு பேச்சு நின்றது. இருவரும் ஒரே மேசையில்தான் வேலை செய்தார்கள். ஆனாலும், “அண்ணா, உன் பொண்டாட்டிகிட்ட நூல் தீந்துபோச்சுன்னு சொல்லு” என்று அவள் காதுபடவே தூது போகும்.

கணவன் வெளியூர் போயிருந்த ஒரு காலை, நாத்தனார் துணிக்கட்டு எடுக்கப் பெட்டக அறைக்குள் போனாள். உள்ளே அடுக்கு சரிந்தது. உருண்டு வந்த ஒரு கட்டு, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையைத் தள்ளிவிட்டது. கதவு தானாக வந்து மூடிக்கொள்ள, செத்துப்போனதாக எல்லோரும் நம்பியிருந்த பூட்டு விழுந்து பூட்டிக்கொண்டது.

அதற்குச் சாவி எந்நாளும் இருந்ததில்லை. அண்ணி தட்டினாள், கத்தினாள். உள்ளிருந்து சத்தமே இல்லை. போன் போட்டதும் பூட்டுக்காரர் ஓடிவந்தார்.

“துளை போட்டுத்தான் திறக்கணும்மா. மதியம் ஆயிடும். உள்ள காத்து வருமா?”

“அவளுக்கு இளைப்பு இருக்குண்ணா.”

இளைப்புக்கு இழுக்கும் மருந்து மேசைமேல் நாத்தனாரின் கைப்பையில் கிடந்தது. பூட்டுக்காரர் துளை மிஷினைச் சொருகினார்.

அப்போதுதான் அண்ணிக்குப் படுக்கையறைத் தரையில் இருந்த இரும்பு மூடி நினைவுக்கு வந்தது. மேனேஜர் படுத்த இடத்திலிருந்தே கீழே எட்டிப் பார்ப்பதற்காக வைத்த ஓட்டை அது. எலி வருகிறதென்று கணவன் சிமெண்ட் பூசி அடைத்திருந்தான். கைப்பையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிக் கட்டிலைத் தள்ளினாள். தரைவிரிப்பைக் கிழித்தாள். கையில் கிடைத்த இஸ்திரிப் பெட்டியால் அடி அடியென்று அடித்துப் பெயர்த்தாள்.

மூடி திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது.

“பாப்பா, நான்தான்.”

கீழேயிருந்து விசில் மாதிரி ஒரு மூச்சு.

“கதவ... நீங்கதானே சாத்துனீங்க?”

அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. “சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். மொதல்ல மருந்த இழு.”

மருந்தை இஞ்ச் டேப்பில் கட்டி இறக்கினாள். நீளம் போதவில்லை. துணி ஓரத்தைக் கிழித்து முடிந்தாள். ஓட்டை வழியாக டார்ச் பிடித்தாள்.

“எட்டுதா?”

“எட்டுது.”

கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணி, போயிடாதீங்க” என்று குரல் வந்தது.

“எங்க போறேன்? இங்கதான் குப்புறக் கிடக்கேன்.”

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். கீழே மிஷின் சத்தம் திடீரென்று நின்றது. துளை போடும் ஊசி உடைந்துவிட்டது, வேறு வாங்கப் போகிறேன் என்று பூட்டுக்காரர் படியில் நின்று சைகை காட்டினார்.

“ஏன் சத்தம் நின்னுடுச்சு?”

“முடியப்போகுதுடி. கை வலிக்குதாம் அவருக்கு.”

கதவு திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வியர்வையில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்த நாத்தனார், வாசலுக்கு வெளியே உருண்டு கிடந்த துணிக்கட்டையும் முட்டுக்கட்டையையும் வெளிச்சத்தில் பார்த்தாள். கதவை யாரும் சாத்தவில்லை என்று புரிந்தது. அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தவள் மாடி ஏறும்வரை விடவில்லை.

கதவையே கழற்றி எறியச் சொன்னாள் அண்ணி. பூட்டுக்காரர் வாசலைப் பார்த்துச் சிரித்தார். “கதவ நிறுத்திட்டு அப்புறமாதான் செவுரு கட்டியிருக்காங்க. வீட்ட இடிச்சாத்தான் இது வெளிய வரும்.” பூட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்.

படுக்கையறையை நீயே எடுத்துக்கொள் என்றாள் அண்ணி.

“வேணாம் அண்ணி. அந்த ஓட்டைக்கு மேல எனக்குத் தூக்கம் வராது. என் ரூமுக்கு ஒரு ஜன்னல் வெட்டிக் குடுங்க, போதும்.”

கொத்தனார் வந்தார். ஜன்னலை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, பேசி முடிங்க என்று வெளியே போய் உட்கார்ந்தார்.