இடமிருந்து இரண்டாவது ஆள்

"பிள்ளைக்குக் கோல் கம்பம் எது, நெட்போல் கம்பம் எது எண்டாவது தெரியுமோ?"

சென்ற வருடக் கடைசியில், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள ஓர் ஆண்கள் கல்லூரியில் மலர்க் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. பெண்கள் விளையாடும் நெட்போலையும் இழுத்து, அங்கே ஒரு பழைய மாணவர் என்னைப் பார்த்துக் கேட்டது இது. கல்லூரியின் ஆண்டு நிறைவு மலருக்கு உதைபந்தாட்டச் சரித்திரத்தை எழுதும் வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். நான் அங்கே நூலகத்தில் தற்காலிக உதவியாளர். வரலாற்றில் பட்டம் எடுத்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆளும் நான்தான். எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்துவைத்தேன். மனதுக்குள், 'இருங்கோ, காட்டுறன்' என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு மாதமும் பழைய கல்லூரிச் சஞ்சிகைகளோடுதான் என் சீவியம். ஒவ்வொரு வருடத்து அணிப் பட்டியலையும் கொப்பியில் எழுதினேன். பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கு அந்தப் பெயர்கள் மேல் ஓர் ஆசை வந்துவிட்டது. மூன்று வருடம் தொடர்ந்து விளையாடிய ஒருவர் நாலாம் வருடம் ஏன் இல்லை? ஒரே முதலெழுத்தோடு இருக்கும் இரண்டு பேர் சகோதரர்களா? கடலுக்கு அக்கரையில் கிண்ணியாவிலிருந்து வந்த பெடியன்கள், பாலம் இல்லாத அந்தக் காலத்தில் பயிற்சி முடிந்து எப்படி வீட்டுக்குப் போயிருப்பார்கள்? ஒரு பெயரைத் தொட்டால் பத்துக் கேள்வி வந்தது.

அதில் ஓர் அணியின் படம் மட்டும் கொஞ்சம் விசேஷம். ஐம்பது வருடத்துக்கு முந்தியது. மண்டபத்தில் தொங்கிய மூலப்படம் இடப்பெயர்வுகளில் தொலைந்துபோக, அணித் தலைவரின் தம்பி வெளிநாட்டிலிருந்து பழைய நெகடிவ் ஒன்றைத் தேடி அனுப்பியிருந்தார். அதிலிருந்து புதிதாகப் படம் அடித்து, அந்த வருடச் சஞ்சிகையில் இருந்த பெயர்களைக் கீழே சேர்த்திருந்தார்கள். அந்த அணியில் விளையாடிய ஒருவர் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, படத்தின் பிரதியோடு பஸ் ஏறினேன்.

கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு மகளோடு இருந்தார் அவர். கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். நிற்பவர்களின் வரிசையில் வலக்கரையிலிருந்து இரண்டாவது ஆளில் விரலை வைத்தார்.

"இந்தா, இது நான்."

பட்டியலில் அவர் பெயர் இடமிருந்து இரண்டாவதாக இருந்தது. "ஐயா, நீங்கள் இந்தப் பக்கம்" என்று மற்றக் கரையைக் காட்டினேன்.

"அவன் நானில்லை, பிள்ளை. எனக்குப் பக்கத்தில நிண்டவன் என்ர தோளில கை போட்டவன். படம் எடுக்க வந்தவர் கையை எடு எண்டு ஏசினவர், அவன் எடுக்கேல்ல. இந்தா பாருங்கோ கை!"

கை இருந்தது. ஆனால் பட்டியலும் இருந்தது. அச்சில் வந்த பட்டியல். நான் அதைப் பெலத்து வாசித்துக் காட்டினேன்.

"அப்பா, படிச்ச பிள்ளை பொய்யோ சொல்லும்?" என்றார் மகள்.

உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தை எனக்கு இனித்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கொப்பியை எடுத்து, 'ஞாபகம் மங்கியவர். தகவலுக்கு உதவாது' என்று எழுதினேன்.

இரண்டு கிழமை கழித்து, அவருடைய முழுப் பெயரைக் கேட்பதற்காக மகளுக்கு அழைப்பு எடுத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

"நீங்கள் வந்து போனாப் பிறகுதான், தங்கச்சி, எங்களுக்கு விளங்கினது. அப்பான்ர சைக்கிளைப் பூட்டி வைச்சிட்டம். தன்ர முகத்தையே தெரியாத மனுசன் றோட்டில எப்பிடிப் போறது?"

அந்தச் சைக்கிளை முற்றத்தில் கண்டு, அதில் எங்கே போவார் என்றும் கேட்டிருந்தேன். விடியற்காலையில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய் நின்று கதைப்பதும், வரும் வழியில் அம்மன் கோயிலில் கும்பிடுவதும்தான் அவருடைய நாள். அந்த நாளை என்னுடைய பட்டியல் பூட்டிவிட்டது. பிழை செய்தேனா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம், வீட்டில் படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து மேசையில் பரப்பியிருந்தேன். அம்மா பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். எழுத்துக் கூட்டத் தெரியாது. நூல்கண்டு எடுக்க வந்தவர் படத்தைப் பார்த்து நின்றார்.

"இதென்னடி, எல்லாப் பெடியன்களும் பொம்பிளைச் சட்டை போட்டு நிக்கிறாங்கள்?"

அந்தக் காலத்தில் கல்லூரி அணிக்குக் கொலர் வைத்து, பொத்தான் பூட்டிய சட்டைதான். "என்னம்மா சொல்றீங்கள்?" என்றேன்.

"பொத்தானைப் பார். ஆம்பிளைச் சட்டைக்கு இடப்பக்கத் துணியெல்லே மேல வரும்? இதில எல்லாருக்கும் வலப்பக்கம் மேல. ஒருத்தன்ர எண்டால் தையல்காரன் பிழை விட்டவன் எண்டு சொல்லலாம். அவ்வளவு பேருக்குமே?"

அம்மா நூல்கண்டோடு போய்விட்டார். நான் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சின்னங்களைப் பார்த்தேன். எல்லாம் வலது நெஞ்சில். நூறு தடவையாவது பார்த்த படம். பெயர்களை வாசித்தேனே தவிர, ஆட்களைப் பார்க்கவில்லை. நெகடிவைப் பக்கம் மாற்றி வைத்து அச்சடித்திருக்கிறார்கள். இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிவிட்டது. நடுவில் இருந்த தலைவரைத் தவிர அந்த வரிசைகளில் எல்லோரும் வேறொருவரின் பெயரோடு நின்றார்கள்.

கணினியில் படத்தைத் திருப்பினேன். கை விழுந்திருந்த தோள் இடப்பக்கம் போய், இரண்டாவதாக நின்றது. நேரே அவருடைய பெயருக்கு மேல்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சல்லிக்குப் போனேன். மகளிடமும் அவரிடமும் நடந்ததைச் சொல்லி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி. நான்தான் பிழை" என்றேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உதைபந்தில சைட் மாறுறது வழமைதானே பிள்ளை. இடைவேளைக்குப் பிறகு எல்லாரும் மாறத்தான் வேணும்."

பிறகு மகளின் பக்கம் திரும்பினார்.

"மேள், திறப்பு எங்க?"

மகள் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுத்தார். சைக்கிளின் பின் ரயரில் காற்று இல்லை. அதை உருட்டிக்கொண்டு அவர் சைக்கிள் கடை வரைக்கும் நடக்க, நானும் கூடப் போனேன். வழி நெடுக, தோளில் கை போட்டவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்டது பாதி, அவராகச் சொன்னது பாதி. காற்று அடித்து முடிந்ததும் ஏறி, கடற்கரைப் பக்கம் போய்விட்டார். எனக்குப் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூட மறந்துவிட்டார். அந்த மறதியை நான் கொப்பியில் எழுதவில்லை.

மலர்க் குழுவிடம் நடந்ததைச் சொன்னபோது, நெட்போல் கம்பத்தைப் பற்றிக் கேட்டவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மற்றப் படங்களையும் ஒருக்காப் பாருங்கோவன், பிள்ளை" என்றார். எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் பொத்தானைக் கண்டது அம்மா என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொன்னேன்.

மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஒருவர் "இது நான்" என்று சொல்லும்போது, என் கையிலுள்ள தாளைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பூட்டிய சைக்கிள் எனக்கு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. போன திங்கட்கிழமை, மிச்ச அணிப் படங்கள் எல்லாவற்றிலும் கீழேயிருந்த பெயர்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு, வெறும் முகங்களோடு, பழைய ஆட்டக்காரரைத் தேடிக் கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன்.