ஏழு சமயத்துக்கும் ஒரு பானை

எங்கள் ஐந்தாம் வகுப்பின் பின்சுவரில் உலகச் சமயங்கள் யாவும் ஒரே நிலப்படத்தில் அடங்கியிருந்தன. சீனாய் மலையடியில் ஒரு குண்டூசி, பெத்லகேமில் ஒன்று, மக்காவில் ஒன்று, கங்கைச் சமவெளியில் நெருக்கமாகச் சில, பஞ்சாபில் ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் புறப்பட்டு கனடாவில் எங்கள் ரொறன்ரோவில் வந்து முடிந்தது. சென் ஜேம்ஸ் ரவுணின் அடுக்குமாடிகளிலிருந்து வந்த எங்களுக்குள் அத்தனை நூலுக்கும் ஒவ்வொரு பிள்ளை இருந்தது.

உங்கள் சமயத்தின் உட்கருத்து யாதென ஆசிரியை வினவியபோது நாங்கள் திணறினோம். எதை உண்ணமாட்டீர்கள் என்று கேட்டதும் நாவுகள் அவிழ்ந்தன. யூதச் சிறுவன், மோசேக்கு இறைவன் அருளிய சட்டப்படி இறைச்சியும் பாலும் ஒரு பானையில் கூடா என்றான். இசுலாமியத் தோழி, இறைவன் ஒருவனே, அவன் பெயர் சொல்லி அறுக்காத ஊன் விலக்கு என்றாள். சமணச் சிறுவனுக்கு எவ்வுயிர்க்கும் ஊறு செய்யலாகாது. கிழங்கைப் பிடுங்கினால் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் மாயும். வியட்நாமியப் பௌத்தத் தோழி, மனத்தைக் கிளர்த்தும் என்று உள்ளிப்பூண்டையும் வெங்காயத்தையும் தள்ளினாள். சீக்கியச் சிறுவனோ, அரசனும் ஆண்டியும் ஒரே தரையில் அமர்ந்து உண்பதே தன் குருவின் போதனை, ஆகவே எல்லாரும் உண்ணும் ஓர் உணவைக் கொண்டுவாருங்கள் என்றான்.

நான் கொண்டுவருகிறேன் என்று எழுந்து நின்றுவிட்டேன்.

“நீ தண்ணிதான் கொண்டு வரலாம்!” என்று பின்வரிசையிலிருந்து தமிழில் கெக்கலித்தான் மன்னார்க் கத்தோலிக்கப் பையன் ஒருவன். அதை நான் மொழிபெயர்த்ததும், தண்ணீரையும் காய்ச்சி வடித்தால்தான் தன் வீட்டார் குடிப்பார்கள் என்றான் சமணச் சிறுவன். வகுப்பே சிரித்தது. வரும் வெள்ளிக்கிழமை எனக்குக் கெடு.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இடர் மிகுந்த நாள். நாங்கள் மட்டக்களப்புச் சைவர்; சித்தப்பா மணந்துகொண்ட கத்தோலிக்கச் சித்தியும் அதே இரண்டறை வீட்டில் எங்களுடன் வாழ்ந்தார். வந்த முதல் வெள்ளியன்று அவர் பெரும் பக்தியுடன் மீன் கட்லட் பொரித்து அடுக்கினார். கிறித்து சிலுவையில் உயிர்நீத்த கிழமையில் இறைச்சி தவிர்ப்பது அவர் மரபு. மீன் அதில் சேராது.

“வெள்ளியெண்டு இறைச்சியே போடேல்லை அக்கா, மீன்தான்.”

“மீன்தானோ? அப்ப அது மரத்தில காய்ச்சதோ?” என்றார் அம்மா.

அன்றுதொட்டு எந்தக் கிழமையிலும் அம்மா சித்தியின் கைச்சமையலை வாயில் வைத்ததில்லை. சித்தி நாள்தோறும் அம்மாவுக்கு ஒரு தட்டு வைப்பார். பின்பு தாமே அதை எடுத்து மூடுவார்.

என் இக்கட்டைக் கேட்டதும் சித்திதான் வழி சொன்னார். “கடலை அவிப்பம். அதுக்கு ஆர் குறை சொல்லப்போகினம்?” கொண்டைக்கடலையில் தேங்காய்ச் சில்லு, கடுகு, காய்ந்த செத்தல் மிளகாய், கறிவேப்பிலை சேரும்; உள்ளியும் வெங்காயமும் அறவே இல்லை. எல்லாம் பொருந்தியது. யூதச் சிறுவனின் தாய் மட்டும் தொலைபேசியில் ஒன்று கேட்டார்: அந்தப் பானையில் எப்போதாவது இறைச்சி சமைத்ததுண்டா?

இறைச்சியே படாத பானை எங்கள் வீட்டில் ஒன்றே இருந்தது. சாமிப் படங்கள் வைத்த தட்டின் கீழ் அம்மா காத்துவந்த பொங்கல் பானை அது; அவரைத் தவிர எவர் கையும் அதில் பட்டதில்லை. அவரோ விடியுமுன் தொழிற்சாலைக்குப் புறப்படுபவர். வெள்ளி காலையில் சமைக்கச் சித்தியை விட்டால் ஆளில்லை.

நான் கெஞ்சினேன். அம்மா கேட்டார்:

“அந்தப் பிள்ளை கடவுள் சொன்னதெண்டுதான் இப்பிடிக் கேக்குதோ?”

“ஓம் அம்மா.”

“அப்ப அந்தச் சனமும் எங்கட மாதிரித்தான்.” பிறகு, சித்தியின் முகம் பாராமலே சொன்னார்: “முழுகிப்போட்டுப் பானையைத் தொடும்.”

“தலைக்கும் சேத்து முழுகிறன் அக்கா!” என்றார் சித்தி. குரல் நடுங்கியதை நான் குளிர் என்று எண்ணினேன்.

வெள்ளியன்று சித்தியே பானையைச் சுமந்து வகுப்புக்கு வந்தார். சீக்கியச் சிறுவன் சொன்னபடியே மேசைகளை ஒதுக்கி அனைவரும் தரையில் அமர்ந்தோம். சமணச் சிறுவன் ஒவ்வொரு கடலையையும் மணிவணிகன்போல் உருட்டிப் பார்த்து உண்டான். யூதச் சிறுவன் கை நக்கினான். என்னை ஏளனம் செய்த பின்வரிசைப் பையன் மூன்றாம் முறை வந்து, “அன்ரி, இன்னும் கிடக்கோ?” என்று கேட்டபோது, சித்தி பானையைக் கவிழ்த்துக் காட்டினார். வகுப்பு கைதட்டி ஆர்ப்பரித்தது. அந்த வெற்றுப் பானையை வெற்றிக்கிண்ணமாகத் தலைமேல் ஏந்தி, பனிக்காற்றில் வீதியெல்லாம் பாடிக்கொண்டே வீடு சேர்ந்தேன்.

மாலையில் வேலை முடிந்து வந்த அம்மா, குளிரங்கியைக் கழற்றுமுன்னரே பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

“முடிஞ்சுதோ? எனக்கு ஒரு பிடி எடுத்து வைக்கேல்லையோ?”

“ஒண்டுமே மிச்சமில்லை அம்மா! எல்லாச் சமயமும் சாப்பிட்டுது!” என்று கூவினேன்.

எவரும் என்னைப் பாராட்டவில்லை. இத்தனை பெரிய வெற்றியில் ஒரு பிடிக் கடலைக்காக முகம் வாடும் அம்மாவையும், கழுவ எதுவுமில்லாத தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு எங்களுக்கு முதுகு காட்டி நிற்கும் சித்தியையும் மாறிமாறிப் பார்த்தேன். இவர்களுக்குக் கொண்டாடவே தெரியாது என்று சினந்துகொண்டேன்.